அன்னம்மாள் போகாத இன்டர்வியூ

அத்தியாயம் 11

போன வாரம் எத்திராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று கேட்டான். அன்னம்மாள் அவன் முகத்தைப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. இப்போது சனிக்கிழமை விடிந்துவிட்டது.

நடுவில் இரண்டு வாரம் பத்திரிகை கிடைக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எத்திராஜ், அன்னம்மாள் தம்பதிக்கு ஒரே பெண், லோகநாயகி. ஐந்து வயது முடிந்த லோகாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நூம்பலுக்குப் பக்கத்திலேயே பஞ்சாயத்துப் பள்ளி இருக்கிறது. அன்னம்மாளின் தங்கை பேபி அங்கேதான் டீச்சர். ஆனால் எத்திராஜுக்குக் குமணன்சாவடியைத் தாண்டி இருக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளிதான் வேண்டும். அங்கே குழந்தையை மட்டும் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து இங்கிலீஷில் கேட்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அன்னம்மாள் போனால் சீட்டு கிடைக்காது. அதனால் பி.ஏ. படித்த பேபியை லோகாவின் அம்மாவாக அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. விண்ணப்பத்தில் அன்னம்மாள் பெயருக்கு நேரே பி.ஏ. என்று எத்திராஜ் எழுதியும் கொடுத்துவிட்டான்.

இது எத்திராஜ் ஒருவனுக்குத் தோன்றிய குறுக்கு புத்தி இல்லை. அந்த வருஷம், எண்பத்தொன்பது மே மாதத்தில், அந்தப் பக்கத்தில் எத்தனையோ சித்திகளும் அத்தைகளும் ஒரு நாள் அம்மாக்களாகப் பட்டுப்புடவை கட்டினார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஒரு சீட்டுக்கு எத்தனை பொய் சொல்லலாம் என்று பெரியவர்கள் யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

காலை எட்டு மணிக்கே பேபி வந்துவிட்டாள். முகம் நன்றாக இல்லை. முப்பதை எட்டப்போகிறவள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு நாலு வயதில் தாய் போனாள். அன்றிலிருந்து அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டவள் அக்கா அன்னம்மாள்தான். அந்த வேலைக்காகத்தான் அக்காவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அந்த அக்கா, "எனக்காகப் போய்ட்டு வா பேபி" என்று சொன்ன பிறகு தங்கையால் மறுக்க முடியவில்லை.

அன்னம்மாள் தன் அரக்குப் புடவையை எடுத்துத் தங்கைக்குக் கட்டிவிட்டாள். கழுத்தில் ஒரு கவரிங் செயினைப் போட்டு முந்தானைக்குள் தள்ளினாள். அப்புறம் பேபியின் காலைப் பார்த்தாள். மெட்டி இல்லை.

எத்திராஜ் இதை யோசித்திருக்கவில்லை. ஆண்களுக்கு இதெல்லாம் எங்கே தோன்றுகிறது? இங்கிலீஷ் மட்டும் பேசினால் போதும் என்று இருந்துவிட்டான். அன்னம்மாள் கீழே உட்கார்ந்து, தன் கால் விரல்களில் சோப்பைத் தடவி, ஏழு வருஷமாகக் கழற்றாத மெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தாள். பேபி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. யாரு காலைப் பாக்கப் போறாங்க?"

"பொம்பளைங்க பாப்பாங்க. காட்டு."

எத்திராஜ் வெளியே போய் சைக்கிளைத் துடைத்தான். பஸ்ஸில் போகிறவனுக்குச் சைக்கிளைத் துடைக்க வேண்டிய அவசியம் என்ன என்று அன்னம்மாள் கேட்கவில்லை.

அவன்மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. போன தை மாதம் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். பதினோரு வருஷமாக லேத் ஓட்டுகிறவன். வரைபடத்தைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கடைந்து கொடுப்பான். ஆனால் அந்த அறையில் வரைபடத்தை இங்கிலீஷில் விளக்கச் சொன்னார்கள். எத்திராஜுக்கு வியர்த்ததே தவிர வார்த்தை வரவில்லை. அவனிடமே வேலை கற்றுக்கொண்ட ரகுநாதனுக்கு அந்த நாற்காலி போயிற்று. அன்று சாயங்காலம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, அவன் தனியாக அழுதுகொண்டிருந்ததை, கீரை விற்றுவிட்டுத் திரும்பிய அன்னம்மாள் பார்த்தாள். பார்த்ததாக இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை. அவள் சரி என்றதற்குக் காரணம் அந்த அழுகைதான்.

கிளம்பும்போது எத்திராஜ் பெண்ணுக்கு இன்னொரு தடவை பாடத்தை ஒப்பிக்கவைத்தான். பத்து நாளாக நடக்கிற பாடம். அப்பாவைக் காட்டி யார் என்று கேட்டால் டாடி. சித்தியைக் காட்டிக் கேட்டால் மம்மி. நைனா என்று வாய் தவறிக்கூட வரக்கூடாது. லோகா கடகடவென்று ஒப்பித்தாள். கெட்டிக்காரப் பெண்.

"அம்மா, நீ வரலியா?" என்று மட்டும் கேட்டாள்.

கீரைக்குத் தண்ணி கட்டணும் என்றாள் அன்னம்மாள்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருபது பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது. ஒருவரும் பக்கத்தில் இருப்பவருடன் பேசவில்லை. எத்திராஜும் தன் பங்கு இருபது வாக்கியத்தை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். பேபிக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னையும் சேர்த்துத்தான்.

பிரின்சிபால் அம்மாள் கெட்டவர் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, களைத்த முகத்தோடு, தணிந்த குரலில்தான் பேசினார். எத்திராஜிடம் இரண்டே கேள்வி. உருட்டிவைத்ததில் இரண்டை எடுத்து வைத்தான், போதுமாக இருந்தது. பேபியிடம் கொஞ்சம் அதிகம் பேசினார். பேபி தடுமாறாமல் பதில் சொன்னாள். வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டபோது மட்டும் அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். எட்டு வருஷமாகத் தன் வகுப்பைத் தவிர வேறு பெருமை இல்லாதவள், இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள்.

பிரின்சிபாலுக்கு அதில் சந்தோஷம். அப்படியென்றால் குழந்தையோடு வீட்டில் இங்கிலீஷிலேயே பேச நேரம் இருக்கும் என்றார். தினமும் டைரியில் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும், மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாதான் கூட்டத்துக்கு வர வேண்டும், பத்தாம் வகுப்புவரை இதுதான் இங்கே வழக்கம் என்று விளக்கினார்.

பேபி எத்திராஜைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நாள் கூத்து என்று நினைத்து வந்தது பத்து வருஷம் நீண்டுவிட்டது என்பது அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆனால் ஆற்றில் பாதி தூரம் வந்தவன் திரும்பியா போவான்? தலையைத் தலையை ஆட்டினான்.

பிறகு லோகாவின் முறை. டாடி, மம்மி இரண்டையும் பிசகாமல் சொன்னாள். பிரின்சிபால் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, தெரிந்ததை எழுதச் சொன்னார். லோகா நாக்கைத் துருத்திக்கொண்டு, தன் முழுப் பெயரையும் தமிழில் எழுதினாள். கொம்பு, கால், சுழி எதுவும் விட்டுப்போகவில்லை. அதன் கீழே அப்பா பெயர், ஊர்ப் பெயர். பிரின்சிபாலுக்கே ஆச்சரியம். இங்கே தமிழ் மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பம், ஆனாலும் ஐந்து வயதில் இவ்வளவு அழகாக எழுதி நான் பார்த்ததில்லை என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாகத் தமிழில் கேட்டார்.

"யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க?"

இந்தக் கேள்வி பத்து நாள் பாடத்தில் இல்லை. சொல்லிக்கொடுத்தது அன்னம்மாள். கீரைக் கட்டுகளை விற்றுவிட்டு வந்து, அடுப்பு எரியும்போதே பக்கத்தில் உட்காரவைத்து, சிலேட்டில் விரலைப் பிடித்து எழுதவைத்தது அவள்தான். மளிகைச் சாமான் மடித்து வரும் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள், மகளையும் படிக்கவைத்தாள்.

லோகா ஒரு கணம் யோசித்தாள். பிறகு பேபியைக் காட்டி, "மம்மி" என்றாள்.

சீட்டு கிடைத்துவிட்டது. பேபி ஒரு தாளில் அக்காவின் பெயரை இங்கிலீஷில் கையெழுத்தாகப் போட்டாள். ஒரு வாசல் அட்டையைக் கையில் கொடுத்து, அதில் அப்பா அம்மா இருவரின் போட்டோவையும் ஒட்டி, கட்டணத்தோடு திங்கட்கிழமை காலை கொண்டுவரச் சொன்னார்கள்.

வெளியே வந்தால், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் முத்தம்மாள் நின்றிருந்தாள்.

முத்தம்மாளின் பெண் பேபியின் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். முத்தம்மாள் இந்தப் பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பேபிக்கு அது தெரியாது. போன ஜூனில் அவள் மகளை இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்க டி.சி. கேட்டு வந்தபோது, பேபி ஒரு மணி நேரம் அவளோடு பேசினாள். வீட்டில் பேசுகிற பாஷையில் படித்தால்தான் பிள்ளை வாயைத் திறந்து கேள்வி கேட்கும், கேள்வி கேட்கிற பிள்ளைதான் முன்னுக்கு வரும் என்றாள். முத்தம்மாள் அதை நம்பித்தான் டி.சி. வாங்காமல் திரும்பினாள். பேபி அன்று சொன்னது அத்தனையும் மனசார நம்பிச் சொன்னதுதான். இன்றைக்கும் நம்புகிறாள்.

முத்தம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு புடவையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கையைப் பிடித்து நிற்கும் லோகாவைப் பார்த்தாள். பொம்பளைகள் பார்ப்பார்கள் என்று அன்னம்மாள் சொன்னது சரிதான்.

"இன்னா டீச்சர், கல்யாணம் ஆயி இம்மாம் பெரிய பொண்ணு கீதா உங்களுக்கு? சொல்லவேயில்லியே."

பேபியின் பின்னால் பிரின்சிபால் அறைக் கதவு திறந்தே இருந்தது. இது என் பெண் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் லோகாவின் சீட்டு போகும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முத்தம்மாளே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அதுதான் பேபிக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

"எம் பொண்ணுக்கு ஒரு நாயம், உங்க பொண்ணுக்கு ஒரு நாயமா டீச்சர்? நான் உங்கள சாமி மாரி நம்பிகினு கீறேன்."

பேபி வாயைத் திறந்தாள். எத்திராஜ் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் வாயை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறந்ததும் டி.சி. வாங்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முத்தம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் எத்திராஜ் விடாமல் பேசிக்கொண்டு வந்தான். குமணன்சாவடியில் பஸ் மாற இறங்கியபோது லோகாவுக்கு ஜிலேபி வாங்கினான். பெண் எப்படிப் பதில் சொன்னாள் என்று பக்கத்தில் நின்றவரிடமெல்லாம் சொன்னான். பேபி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லையில் இறங்கியதும் முதல் காரியமாக மெட்டிகளைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

வீட்டில் அன்னம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏற்கெனவே தண்ணீர் கட்டிய கீரைப் பாத்திக்கு இன்னொரு தடவை கட்டிக்கொண்டிருந்தாள். சீட்டு கிடைத்துவிட்டது என்று எத்திராஜ் தூரத்திலேயே கையை ஆட்டினான். அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, பொய் சொல்வானேன். சேற்றுக் கையைக் கழுவாமலே ஓடி வந்து, பெண்ணின் முகத்தை இரண்டு மணிக்கட்டாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அங்கே என்னவெல்லாம் கேட்டார்கள் என்று அன்னம்மாள் மகளைக் கேட்டாள். பேபி சட்டென்று எழுந்து, லோகாவை வெளியே விளையாடக் கூப்பிட்டாள். லோகா போகவில்லை. அவளுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தை அம்மாவிடம் சொல்லியாக வேண்டும்.

"எம் பேர எயுதினேம்மா. நைனா பேரு, ஊரு பேரு எல்லாம் எயுதினேன். அந்த மிஸ்ஸு சூப்பர்னாங்க. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. நான் சித்திய காட்டி மம்மின்னு சொல்ட்டேன். இத நைனா சொல்லியே தரல, தெரியுமா? நானாத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு, பாராட்டுக்காக அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

அன்னம்மாள் மகளின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். தன் பெயரை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இருந்தாள். புடவையைக் கொடுத்தாள், மெட்டியைக் கொடுத்தாள், ஒரு நாளைக்கு அம்மா என்ற இடத்தையும் கொடுத்தாள். ஆனால் அடுப்படியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த எழுத்தை, பெற்ற பெண்ணே வேறொருத்தி கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, நல்லா சொன்னேனா என்று கேட்கிறது. அந்த வலியை எந்தத் தாயால் தாங்க முடியும்?

எத்திராஜ் இது எதையும் கவனிக்காமல் வாசல் அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கட்டம். ஒன்றில் அப்பா போட்டோ, இன்னொன்றில் அம்மா போட்டோ. குழந்தையைக் கூப்பிடப் போகிறவர்கள் அந்த அட்டையைக் காட்டினால்தான் கேட்டைத் திறப்பார்கள்.

"பேபி, உங்கிட்ட சின்ன போட்டோ ஒண்ணு கீதா?" என்று கேட்டான்.

அன்னம்மாள் எழுந்து வந்து அட்டையை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"எம் போட்டோவ ஒட்டுங்க."

எத்திராஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனான். காலையில் ஒரு முகத்தைக் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை இன்னொரு முகத்தை ஒட்டினால் என்ன ஆகும், பொய்யன் என்று துரத்திவிடுவார்கள், பெண்ணின் எதிர்காலமே போய்விடும் என்றான். தன்னைப் போல அவளும் ஒரு நாள் நாலு பேர் நடுவில் வாயடைத்து நிற்க வேண்டுமா என்று கேட்டபோது அவன் குரல் உடைந்தது.

"அத நெனச்சுதாங்க பேபிய அனுப்பினேன்" என்றாள் அன்னம்மாள். "நீங்க ஏரிக்கரையில அயுததுகூட எனக்குத் தெரியும். எம் பொண்ணு இங்கிலீஷ் படிக்கட்டும், நான் வேணான்னு சொல்லல. ஆனா என்னை மறைச்சு வெச்சுகினு படிக்க வேணாம். இன்னிக்கி கேக்காமயே என்னை மறைச்சிட்டா. பத்து வருசம் போனா, நான் அவ எதிர்ல வந்து நின்னா அவளுக்கே வெக்கமா இருக்கும்."

ஏரிக்கரை என்று காதில் விழுந்ததும் எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை தானே வருவதாகச் சொன்னாள். அந்த அம்மாளிடம் நான்தான் பெற்றவள், நான்தான் எழுதச் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தமிழிலேயே சொல்லப்போகிறாளாம். இடம் கொடுத்தால் லோகா அங்கே படிக்கட்டும். இல்லையென்றால் பேபியின் பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிவிடாது.

"நானும் வரேங்க்கா" என்றாள் பேபி. காலையிலிருந்து அவள் உருப்படியாகப் பேசியது அதுதான். முத்தம்மாளிடமும் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றாள், பள்ளியில் முத்தம்மாள் தன்னைக் கேட்டதையும் அக்காவிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

எத்திராஜ் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். கட்டணம் கட்ட இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது. அவன் ஒருவனே போய், பேபியின் போட்டோவை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். யாரும் தடுக்க முடியாது. அந்த எண்ணம் அவன் மனதில் ஓடியதை அன்னம்மாளும் பார்த்தாள். ஆனால் அட்டை அவள் கையில்தான் இருந்தது.

இவ்வளவு நேரமும் லோகா மூன்று பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, பேசுகிறவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ தான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. பாடம் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதானே, அவர் பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்போ திங்கக்கெயம நான் யார மம்மின்னு சொல்லணும் நைனா?"

எத்திராஜ் அன்னம்மாளின் கையில் இருந்த அட்டையைப் பார்த்தான்.